மூடியை நம்பாதீர்கள்: ஒரு சலவைத் திரவத்தோடு நான்கு வருடம்

இந்தச் சலவைத் திரவப் போத்தலின் மூடியை வடிவமைத்த ஆளை எங்காவது பார்த்தால் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் வீட்டில் துணி துவைப்பது யார்? மூடி நீல நிறம். உள்ளே மூன்று கோடுகள். கோடுகளும் அதே நீலம். சாயம் எதுவும் பூசவில்லை. பிளாஸ்டிக்கை நூலளவு தடிப்பாக்கி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். விடியற்காலையில் பால்கனி விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் முதல் கோடு தெரியும். இரண்டாவது கோட்டுக்குக் கண்ணாடி போட வேண்டும். திரவமும் நீலம் என்பதால், ஊற்ற ஆரம்பித்த பிறகு எந்தக் கோடும் தெரியாது. என்ன செய்வார்கள் வீட்டில் இருப்பவர்கள்? மூடி நிறைய ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம் நாத்தனார். பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறாள். போன வாரம் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அண்ணி, நீங்க வாங்குற அந்தப் பெரிய போத்தல் மலிவு விற்பனையில இருக்கு. ரெண்டு வாங்கிப் போட்டுக்கட்டா? இல்ல, பத்து லிட்டர் கேன்ல விக்கிறாங்களே, அதையே வாங்கிடட்டா? சோப்புக்கே மாசம் முப்பது வெள்ளி (ரிங்கிட்) போகுது." ஆமாம், இல்லை என்று பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு இந்தப் போத்தலோடு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

போத்தல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 3.6 கிலோ, முன்பக்கக் கதவு வைத்த மிஷினுக்கான நுரை குறைந்த வகை. பிராண்ட் பெயர் வேண்டாம். பேரங்காடியில் அந்த வரிசையில் போய் நின்று எந்தப் போத்தலின் மூடியை வேண்டுமானாலும் கழற்றிப் பாருங்கள், எல்லாம் ஒரே குடும்பம்.

தைப்பூசம் முடிந்த கையோடு எங்கள் மிஷின் நின்றது. உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் துணி, திரையில் ஏதோ எழுத்து மின்னுகிறது, கதவு திறக்கவில்லை. கோலாலம்பூரில் நாங்கள் இருக்கும் செந்தூலிலேயே மிஷின் ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பியைக் கூப்பிட்டோம். கீழே ஓரத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, தட்டு வைத்து, திருகை மெல்ல மெல்லக் கழற்றினார். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு இருபது காசு, ஒரு ஹேர்பின். கடைசியாக, சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று கை நிறைய ஏதோ வந்தது. அழுக்கு என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பினேன். அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக் காட்டினார். நுரைத்தது.

"அக்கா, இது அழுக்கு இல்ல. சோப்பு. எவ்வளவு ஊத்துறீங்க?"

அடுப்படியிலிருந்து அத்தை பதில் சொன்னார்: "ஒரு மூடிதான் தம்பி. அதுக்கு மேல ஊத்துறதே இல்ல."

தம்பி என்னைப் பார்த்தார். நான் மூடியைப் பார்த்தேன்.

பம்ப் மாற்ற 180 வெள்ளி ஆனது. வேலை செய்துகொண்டே அவர் சொன்னதில் பாதி எனக்குப் புதிது. முன்பக்கக் கதவு மிஷின் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் துவைக்கிறது. நுரை அதிகமானால் துணி மெத்தையில் விழுகிற மாதிரி விழும், அழுக்கு போகாது. பம்ப் தண்ணீரைத் தள்ளும், நுரையைத் தள்ளத் திணறும். மிஷினுக்கு நுரை தெரிந்தால் தானாக இன்னொரு முறை அலசும், கடைசிச் சுழற்சியைக் குறைத்துக்கொள்ளும். துணி சொட்டச் சொட்ட வெளியே வரும். அலசிப் போகாத சோப்பு உடம்பு எண்ணெயோடும் நூல் தூசியோடும் சேர்ந்து உருளைக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் படியும். அந்த உருளையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பது பல மிஷின்களில் ஒரு அலுமினியச் சட்டம். சோப்புக் காரம் அதை மெல்ல மெல்ல அரிக்கும். "அது போச்சுன்னா புது மிஷின் வாங்கிடுங்க அக்கா, ரிப்பேர் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு பிள்ளையின் காய்ச்சல் மருந்தோடு வந்த 15 மில்லி குவளையை எடுத்து மூடியை அளந்தேன். முதல் கோடு 35 மில்லி சுமார். விளிம்பு வரை ஊற்றினால் 110 பக்கம் போகிறது. மூன்று மடங்கு!

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், கம்பெனி பொய் சொல்லவில்லை. பின்பக்கம் மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றிலும் எழுதித்தான் இருக்கிறது: கொஞ்சம் துணிக்கு முதல் கோடு, மிஷின் நிறைந்தால் இரண்டாவது, ரொம்ப அழுக்குக்கு மூன்றாவது. எழுத்து எறும்பு அளவு, அது வேறு விஷயம். மூன்றாவது கோட்டுக்கு மேலேயும் இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறார்களே, அது எதற்கு? அதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை.

ஐரோப்பாவில் விற்கும் பாக்கெட்டுகளில் கடினத் தண்ணீருக்கு ஒரு அளவு, மென் தண்ணீருக்கு ஒரு அளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். சுண்ணாம்பு நிறைந்த தண்ணீரில் சோப்பின் ஒரு பங்கு சுண்ணாம்போடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், அதனால் அங்கே கூடுதலாக ஊற்ற வேண்டும். நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர், சிலாங்கூர் ஆறும் லங்காட் ஆறும். பினாங்குக்கு மூடா ஆறு. எல்லாம் மென்மையான தண்ணீர். கொஞ்சம் சோப்புக்கே நுரை பொங்கும். அதாவது, உலகத்தில் சோப்பு குறைவாகத் தேவைப்படும் இடங்களில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு நாம் மூடி மூடியாக ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

கணக்குக்கு வருகிறேன். இந்தப் போத்தல் வழக்கமாக 29 வெள்ளி, மலிவு விற்பனையில் 24. எங்கள் வீட்டில் ஐந்து பேர், தினமும் ஒரு முறை மிஷின் ஓடும். மூடி நிறைய ஊற்றினால் ஒரு போத்தல் ஒரு மாதம், ஒரு சலவைக்கு 90 காசு. மருந்துக் குவளையில் இரண்டு, அதாவது 30 மில்லி ஊற்றினால் அதே போத்தல் மூன்றரை மாதத்துக்கு மேல் வரும், ஒரு சலவைக்கு 25 காசு. மாதம் இருபது வெள்ளி மிச்சம். தண்ணீரில் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது. 2024 பிப்ரவரியில் இங்கே வீட்டுத் தண்ணீர் முதல் 20 கன மீட்டருக்கு, ஒரு கன மீட்டர் 57 காசிலிருந்து 65 காசு ஆனது. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். ஒரு வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும், 60 லிட்டர் குடிக்கிற மிஷினுக்கு ஒரு சலவைக்கு ஆறு காசு. காசு போவது போத்தலில்தான்.

தண்ணீரின் அருமை தெரிவது தண்ணீர் வெட்டின்போதுதான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்களே, அந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்ட நாளில் வாளித் தண்ணீரில் துணி அலசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நுரை போக எத்தனை வாளி வேண்டும் என்று. இன்னொன்று: தண்ணீர் திரும்பி வந்த அன்று வெள்ளைத் துணி போடவே போடாதீர்கள். குழாயைத் திறந்து கலங்கல் போகும்வரை விட்டு, முதல் சலவைக்குக் கறுப்புத் துணி போடுங்கள்.

மின்சாரத்துக்கு ஒரே ஒரு பொத்தான் போதும்: சூடு வேண்டாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரி. 15 லிட்டர் தண்ணீரை அங்கிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும். அதுவும் காசுதான். தலையணை உறையில் தேங்காய் எண்ணெய் பிசுக்கு இருக்குமே என்றால், தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும், நம் பச்சைத் தண்ணீரில் அது இளகித்தான் இருக்கும். சீக்காளித் துணிக்கும் கைக்குழந்தைத் துணிக்கும் மட்டும் சூடு வைக்கிறேன்.

சரி, திரவம் எப்படி? மூடியைத் திட்டிவிட்டேன், உள்ளே இருப்பதைத் திட்ட மனம் வரவில்லை. எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று கிடைத்தது. இங்கே சாயங்காலம் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு மழை வரும். எங்கள் அடுக்ககத்தில் பால்கனிக் கம்பிக்கு வெளியே துணி தொங்கவிட்டால் நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும். ஆகவே பாதி நாள் துணி வீட்டுக்குள், காற்றாடிக்குக் கீழேதான் காய்கிறது. காய்ந்த பிறகு ஒரு ஈர வாடை அடிக்குமே, அதற்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருக்கிறது. மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்று பெயர். நூலில் ஒட்டியிருக்கும் வியர்வை, எண்ணெய், அழுக்கு மிச்சத்தில் வளர்ந்து, துணி ஈரமாக இருக்கும் நேரம் முழுக்க வேலை செய்யும். சோப்பைக் குறைத்தால் வாடை கூடும் என்று அத்தை அடித்துச் சொன்னார். குறைந்தது. சில வாரத்திலேயே துண்டுகளை முகத்தில் வைத்து மோந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது எனக்கு. சுழற்சி ஒழுங்காக நடந்து துணி பாதி காய்ந்தே வெளியே வருகிறது, மிச்சச் சோப்பும் இல்லை, அதுதான் காரணம். இந்தத் திரவத்தில் கறையைச் சிதைக்கும் என்சைம் இருக்கிறது, வாசனையும் அடக்கமாக இருக்கிறது. காலர் கறையும் குழம்புக் கறையும் 30 மில்லியில் போகிறது. இந்த விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

துணி மென்மையாக்கி வாங்குவதையும் அப்போதே நிறுத்தினோம். நூலின்மேல் ஒரு வழவழப்பான படலத்தைப் பூசுவதுதான் அதன் வேலை. துண்டில் பூசினால் துண்டு தண்ணீரை உறிஞ்சாது. சோப்புக்குச் செலவழித்த அளவு இதற்கும் செலவழித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, வாசனை எங்கே போச்சு என்று கேட்ட என் வீட்டுக்காரரைத் தவிர.

மஞ்சள் விஷயத்தில் மட்டும் அத்தைதான் குரு. தைப்பூசத்துக்கு அவர் பால்குடம் எடுப்பார். பத்துமலையிலிருந்து திரும்பும்போது புடவையில் மஞ்சள், சந்தனம், பால், குங்குமம் எல்லாம் இருக்கும். மஞ்சள் கறைமேல் சோப்புத் தண்ணீர் பட்டதும் செக்கச் செவேலென்று சிவக்கும். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமின், சோப்பின் காரம் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். கறை கூடிவிட்டது என்று பயந்து இன்னும் சோப்பு ஊற்றுவதில்தான் போத்தல் காலியாகும். அத்தை ஊற்றவே மாட்டார். சட்டையின் கழுத்துப்பட்டை, மஞ்சள் பட்ட இடம், இதிலெல்லாம் ஒரு பார் சவுக்காரத்தை நனைத்து நான்கு இழுப்பு இழுத்து, அலசி, நேராக வெயிலில் போட்டுவிடுவார். இரண்டு மூன்று வெயிலில் மஞ்சள் போய்விடும்; குர்க்குமினுக்குச் சூரிய ஒளி ஆகாது. எந்த விலை உயர்ந்த போத்தலும் செய்யாத வேலை இது. ஒரு பார் சவுக்காரம் எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் வருகிறது. அத்தனை சிக்கனமாகச் சவுக்காரம் போடுகிற அதே கைதான் மிஷின் பக்கம் போனால் மூடி நிறைய ஊற்றியது. அதனால்தான் மூடியைக் குறை சொல்கிறேன், அத்தையை அல்ல.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன், நாத்தனார் எப்படியும் கேட்பாள்.

உருண்டை உருண்டையாக வரும் காப்ஸ்யூல்: ஒன்று கிட்டத்தட்ட ஒரு வெள்ளி, பாதியாக வெட்ட முடியாது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் மிட்டாய் மாதிரி கிடக்கும் சாமான் வேண்டவே வேண்டாம். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துப் போட்டால் சோப்பே வேண்டாம் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பொங்கி அடங்கி, உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். அந்த வினிகரைக் குளோரோக்ஸ் மாதிரி வெளுப்பானோடு கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், விளையாட்டு இல்லை. கீழே இருக்கும் 24 மணி நேர டோபி கடைக்குத் துவைக்கவும் காயவைக்கவும் சேர்த்துப் பத்து வெள்ளிக்கு மேல் ஆகிறது. கம்பளிக்கும் திரைச்சீலைக்கும் மட்டும் போகிறேன்.

பிறகு தூள். வெள்ளைப் பள்ளிச் சட்டை இருக்கும் வீட்டில் தூளை அலட்சியம் செய்யக் கூடாது. பெர்கார்பனேட் என்கிற ஆக்சிஜன் வெளுப்பு தூளில் நிற்கும், தண்ணீரான சோப்பில் நிற்காது, அடைத்து வைத்த சில நாளில் வீரியம் போய்விடும். அதனால்தான் எத்தனை நல்ல திரவத்தில் துவைத்தாலும் மகனின் வெள்ளைச் சட்டை இரண்டாம் தவணைக்குள் பழுப்படிக்கிறது. பெட்டியின் பின்னால் பெர்கார்பனேட் என்று இருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். வெள்ளிக்கிழமை ராத்திரி கொஞ்சம் வெந்நீரில் கரைத்து சட்டைகளை ஊறப்போட்டால் காலையில் தெரியும். தூளை மிஷின் இழுப்பறையில் அப்படியே கொட்டினால் கட்டியாகி மூலையில் உட்கார்ந்துகொள்ளும், கரைத்து ஊற்றுவது நல்லது. ஒரு சலவைக்கு ஆகும் காசு திரவத்தைவிடக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே ஒரு வெள்ளைக் கரண்டி இருக்கிறது. தட்டிவிட்டால் தலைமட்டம் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரிகிற அளவு!

ஆக, நாத்தனாரே, தீர்ப்பு. துவைக்கிறதில் குறை இல்லை, வாசனை அளவோடு இருக்கிறது, அளந்து ஊற்றினால் மலிவு. நான் மறுபடி வாங்கப் போவதில்லை. வீட்டில் இருக்கும் போத்தல் தீர்ந்ததும் தூளுக்குப் போகிறேன். கணக்குப் பார்த்தால் மாதம் ஓரிரண்டு வெள்ளிதான் வித்தியாசம். எனக்கு அந்த நீல மூடியைத் தினமும் காலையில் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நீ வாங்கிக்கொள். 24 வெள்ளிக்கு நல்ல சரக்கு. இரண்டு வேண்டாம், ஒன்று போதும். என்சைம் நாளாக ஆகச் சக்தி இழக்கும், உங்கள் பால்கனி வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வீட்டுக்கு வந்ததும் மூடியைக் குப்பையில் போட்டுவிட்டுப் பிள்ளையின் மருந்துக் குவளையைப் பக்கத்தில் வை. உன்னுடையது மேலே திறக்கிற மிஷின், தண்ணீர் நிறையப் பிடிக்கும், ஆகவே மூன்று குவளையில் ஆரம்பித்துப் பார். கடைசி அலசலில் தண்ணீர் தெளிவாக இருந்தால் இரண்டரைக்கு இறங்கு. அந்தப் பத்து லிட்டர் கேன் தரை துடைக்கவும் கால்மிதி ஊறப்போடவும் சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாத சாமானை, நுரைக்காகவே காய்ச்சிய மாதிரி இருக்கும் சாமானை, உன் மிஷினுக்குள் மட்டும் ஊற்றிவிடாதே. ஓசியில் கொடுத்தாலும்.